பக்கத்தின் அடியில் ஒரு பேர்

ஓசூர், ஞாயிறு

சுகுணாவுக்கு,

இடுப்புவலி குறைஞ்சுதா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் தையல் குறிப்புகளை வெப்சைட்டா போட வேர்ட்பிரஸ் நல்லதா, பிளாக்கர் நல்லதான்னு கேட்டிருந்தே. கம்ப்யூட்டர் சென்டர் ஹரீஷ்குமார் ரெண்டிலும் செஞ்சு குடுத்த மாதிரிப் பக்கங்களைக் கம்பெனி பஸ்ஸிலேயே பார்த்துட்டேன். ரெண்டுலயும் அடியில 'நன்றி: ஹரீஷ்குமார்'னு இருக்கு. நான் மட்டும் நாலு இடத்துல வெறும் 'எங்க வீட்டுக்காரர்'. புருஷன் பேரைச் சொல்லமாட்டே, சரி. எழுதவும் கூடாதா?

பொறாமையெல்லாம் இல்லை. காக்கிச் சட்டையில மூணு பட்டன் போச்சு. பட்டன் தைக்கிற குறிப்பையும் சேர்த்துடு, பார்த்துத் தைச்சுக்கறேன்.

பஸ் ஹாரன் அடிக்குது. ரெண்டுல எதை வேணா எடுத்துக்கோ, பாஸ்வேர்டு மட்டும் என் பேரா இருக்கட்டும். தினமும் ஒருதரம் விரலாலே சொன்னாப் போதும். ஹரீஷ்குமார் கேட்டா, வாய்விட்டுச் சொல்லக்கூடாது, அது எங்க வழக்கம்னு சொல்லிடு.

முனிராஜ்