பற்பசை மூடி வைத்த மிக்சர்

பக்கத்து வளவில் யாரோ வானொலி திருத்துகிறார்கள். கரியடுப்பில் காய்ச்சிய பற்றவைக்கும் கோலில் ஈயம் உருகும் மணம் காலையிலிருந்து வருகிறது. அண்ணை, ஒட்டுசுட்டானில் இந்த மணத்துக்கு முன்பெல்லாம் நீங்கள் ஒருவர்தான் காரணம்.

உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது, நீங்களே செய்த ஒலி மிக்சரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். பலகைப் பெட்டி, பழைய வானொலிகளின் உறுப்புகள், எட்டுக் குமிழ்களுக்கும் பற்பசை மூடிகள். திருவிழாவோ நாடகமோ, பாட்டையும் மிருதங்கத்தையும் அளவாகச் சேர்த்துத் தந்தது அதுதான். மூடி எங்கே நிற்க வேண்டும் என்று நகப்பூச்சால் புள்ளி வைப்பீர்கள். "உதென்ன, மிக்சருக்கும் பொட்டோ?" என்று உங்கள் மனைவி கேலி செய்வா.

கனடாவிலிருந்து உங்கள் மருமகன் அனுப்பிய கடிதத்துக்குள், டிஜிட்டல் மிக்சர் செய்யும் நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தாள் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். எந்தக் குமிழ் எங்கே நின்றது என்பதை அந்தப் பெட்டியே நினைவில் வைத்திருக்குமாம்.

"கரண்ட் நிண்டால்?" என்றீர்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் உங்கள் ஜெனரேட்டர் ஒரு நாடகத்துக்கு மூன்று தரமாவது நிற்கும். மூடிகள் அசையாமல் இருக்கும். தாளில் இதற்குப் பதில் இல்லை.

"அப்ப எழுதிக் கேள், பிள்ளை. நானும் மிக்சர் செய்யிறவன் எண்டு முதல் வரியிலேயே போடு. இல்லாட்டி என்னோடு தொழிலைப் பற்றிக் கதைக்கமாட்டாங்கள்."

கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் வரியை விட்டுவிட்டேன். பற்பசை மூடியை எண்ணி எனக்குக் கூச்சம். 'உங்கள் பொருளில் ஆர்வமுள்ளவர்' என்று போட்டேன்.

மாதங்கள் கழித்து ஒரு வழவழப்பான புத்தகமும், வாங்குவதற்கான படிவமும் வந்தன. கேள்விக்கு மறுமொழி இல்லை.

"என்னை வாங்க வந்தவன் எண்டெல்லோ நினைச்சிட்டாங்கள்!" என்று சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கிய பின் கேட்டீர்கள்: "நான் சொன்னதை எழுதினனிதானே?"

"ஓம் அண்ணை."

அந்தப் படிவத்தின் பின்புறத்தில் அடுத்த நாடகத்துக்குக் குமிழ்கள் நிற்க வேண்டிய இடங்களை வரையத் தொடங்கினீர்கள். அந்த மாரியில் மலேரியா உங்களைக் கொண்டுபோனது. சொல்ல நாள் இருந்தது. நான் சொல்லவில்லை.

இப்போது சனம் என்னிடம் கடிதம் எழுதுவிக்க வருகிறது. சொல்வதை அப்படியே எழுதி, வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். "நாங்கள் சொன்னது எங்களுக்குத் தெரியாதோ, பிள்ளை?" என்று சலித்துக்கொள்கிறார்கள். முதல் வரியை மட்டும் இரண்டு தரம் வாசிக்கிறேன்.