பிள்ளைக்குக் கொஞ்சம் இடம்

ஐப்பசி, வியாழன் இரவு

இன்று ஐந்தாம் மாத ஸ்கேன். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் சொன்னார். கர்ப்பப்பையில் உள்ள நார்க்கட்டியும் கூடவே வளர்ந்திருக்கிறதாம்.

"இப்ப எடுக்க முடியாதும்மா. வலிச்சா மாத்திரை போட்டுட்டுப் படுத்துக்கோ. ரத்தம் பட்டா உடனே வந்திரணும்."

போன முறை பிள்ளை கலைந்தபோதும் ரத்தத்தில்தான் ஆரம்பித்தது.

வெளியே உட்கார்ந்திருந்த திருவேங்கடம் ஊர்க்கார அக்கா ஒருத்தி என் வயிற்றைப் பார்த்து, "ரெட்டைப் பிள்ளையா தாயி?" என்று சிரித்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் வலி பிடித்துக்கொண்டது. படுத்துவிட்டேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றின் வலப்பக்கம் கைவைத்து ஏதோ முணுமுணுத்தார். அங்கே இருப்பது கட்டி. பாவம், பிள்ளை என்று நினைத்துவிட்டார். அவர் கையைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினேன்.

"பிள்ளை இங்கன இருக்குங்க."

"தெரியும்ட்டி. கட்டி கிட்டத்தான் சொல்லுதேன். நீயும் இருந்துக்கோ, பிள்ளைக்குக் கொஞ்சம் இடம் விடுன்னு."

மறுபடி வலப்பக்கமே கையை வைத்தார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் அழுதது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் தூங்கிப்போகும்வரை கையை எடுக்கவே இல்லை.