பின்வாசல் வேலி குறித்த புகாருக்குப் பதில்

மதிப்பிற்குரிய புகார்தாரர் அவர்களுக்கு,

வணக்கம். மாநகராட்சி நிலத்தில் வேலி வெட்டும் பணி தொடர்பான தங்கள் புகார் கிடைக்கப்பெற்றது.

பதில் கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது அலுவலக விதி. தொடங்கியாயிற்று. இனிமேல் உன் அக்காவாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஏண்டா தம்பி, இணையதளத்தில் புகார் போட்டால் அது நேராக மேயர் மடியில் போய் விழும் என்று நினைத்தாயா? எந்தத் தெருவைப் பற்றிய புகாரோ, அந்தத் தெருவின் மேற்பார்வையாளர்தான் பதில் எழுத வேண்டும். நம் தெருவுக்கு யார்? உன் கூடப்பிறந்தவள். பொறியாளர் அந்தத் தாளை என் மேஜையில் வைத்து, "உங்க தம்பியாமே" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 'பசுமையின் அருமை அறியாத மேற்பார்வையாளர் மீது தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதியிருக்கிறாய். பசுமையின் அருமை! பள்ளிக்கூடத்தில் டப்பாவில் பயறு முளைக்க வைத்து எடுத்துவரச் சொன்னார்களே, அதற்குத் தண்ணீர் ஊற்றியது யார்? நானா, நீயா?

நீ பார்க்காத ஊரைப் பற்றி எழுதுவது போல உனக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வரிசை வீடுகளின் பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் நடுவில் இருக்கும் நிலம் மாநகராட்சியுடையது. அந்த நிலத்தில் புல்லை ஒட்ட வெட்டி, புதரை எடுத்து, மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து வைக்க வேண்டும். சரிவில் தீ இறங்கி வந்தால், பற்ற ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே நிற்கும். தீத்தடுப்புக் கோடு என்று இதற்குப் பெயர். நடுவில் ஓர் இடம் விட்டுப்போனாலும் கோடு போட்டு என்ன பயன்? தீ அந்த இடம் வழியாக வந்துவிடும்.

நம் தெருக்காரர்களோ அந்த நிலத்தைத் தங்கள் தாத்தா எழுதிவைத்த சொத்து போல வைத்திருக்கிறார்கள். வக்கீல் அங்கே விறகுக் கொட்டகை போட்டிருக்கிறார். குளிர்காலத்துக்காம். அதற்குப் பக்கத்தில் ஒருவர் பழைய சோபாவைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார், மாலையில் உட்கார்ந்து காற்று வாங்க. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில். முதலில் உங்கள் வீட்டு வேலியை வெட்டிவிட்டு வாருங்கள் அம்மா, அப்புறம் எங்களிடம் பேசலாம். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. தெருவிலேயே பெரிய புதர் நம்முடையதுதான். நீ நட்ட ஊசியிலை வேலி.

அது எப்படி வந்தது என்று நான் மறக்கவில்லை. அந்தக் கோடையில் தீ இறங்கியபோது நீயும் நானும்தான் பின்சுவரில் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றோம். உன் புருவம் கருகியது. பக்கத்து வீட்டுத் தையற்கார அக்காவின் பின்னறை நம் கண் முன்னால் எரிந்தது. அதற்குப் பிறகு அம்மா பின்வாசல் பக்கமே வரவில்லை. கரியாய்க் கிடந்த மலை அவள் கண்ணில் படக்கூடாதென்று சீக்கிரம் வளரும் செடியாகத் தேடிப்பிடித்து வரிசையாக நட்டாய். நட்ட கையோடு வேலை கிடைத்து வெளியூர் போனவன்தான், இன்னும் ஒரு தடவை கூட வரவில்லை. நல்ல மனசோடுதான் செய்தாய். நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் மலை மறுபடி பச்சையாகிவிட்டதடா. உன் வேலிதான் இப்போது ஆபத்து. ஜன்னலுக்கு மேலே வளர்ந்து, கூரை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வெளியே பார்த்தால் பச்சைப்பசேலென்று இருக்கும். உள்ளே கையை விட்டால் முழுக்கச் சருகும் சுள்ளியும் பிசினும். இந்த உறைக்குள் ஒரு பிடி வைத்திருக்கிறேன். விரலால் கசக்கிப் பார். இது அம்மாவின் கட்டிலிலிருந்து ஒரு சுவர் தள்ளி நிற்கிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு அம்மா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடையைத் தாண்டி முன்வாசல் வருவதற்குள் எனக்குச் சமையலே முடிந்துவிடும். தீ அவ்வளவு நேரம் காத்திருக்குமா?

ஊர் வாயை அடைக்க வேண்டுமென்றுதான் முதல் நாளே ஆட்களோடு நம் வீட்டுப் பின்பக்கம் போனேன். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. ரம்ப மெஷினைக் கிளப்பியதுதான் தாமதம், அம்மா நாற்காலியை வேலிக்கு முன்னால் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். கையில் போன். அதில் நீ. என்னவென்று கேட்டாயா? அக்காவிடம் போனைக் கொடு என்றாயா? ஒலிபெருக்கியில் போடச் சொல்லி என் ஆட்களுக்கே உத்தரவு போட்டாய், "மெஷினை நிறுத்துங்க, இது எங்க வீட்டு வேலி" என்று. எங்க வீட்டு வேலியாம். நிலம் மாநகராட்சியுடையது, தண்ணீர் ஊற்றுவது நான், பெருக்குவது நான். உனக்கு அதில் என்ன இருக்கிறது, குரலைத் தவிர? என் ஆட்களில் மரம் ஏறுகிறவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். பெற்றவளைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு வெட்ட என்னால் முடியுமா?

அன்றே வக்கீல் கொட்டகைக்குப் பூட்டு வாங்கி மாட்டினார். சோபாக்காரர் கூட ஒரு நாற்காலியைச் சேர்த்துப் போட்டார். தையற்கார அக்கா மட்டும் யாரும் கேட்காமலே தன் பின்பக்கக் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். ஒரு தடவை எரிந்தது போதாதா என்றாள். மெஷின் வேறு பகுதிக்குப் போய்விட்டது. இன்னும் சில வாரத்தில் வறண்ட காற்று தொடங்கிவிடும்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிறாள், மாத்திரை போட்டுக்கொள்கிறாள், பேசுவதில்லை. என் ஆட்கள் வந்தால் மட்டும் உபசாரம். தட்டு நிறைய பிஸ்கட். போன வாரம் மரம் ஏறுகிறவர் அளவெடுக்க வந்தபோது, நான் அடுப்படியில் நிற்பது தெரியாமல் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். இந்த வேலி அப்படி என்ன ஒசத்தி என்று அவர் பட்டும் படாமலும் கேட்டார்.

"ஒசத்தியெல்லாம் இல்லப்பா. ஒவ்வொரு தடவையும் போன்ல, நான் வந்து என் கையால வெட்டுறேன், யாரையும் தொட விடாதேன்னு சொல்லுவான். இதையும் நீங்களே வெட்டிட்டா, அப்புறம் அவன் எதுக்கு வரணும்?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அணைக்கவில்லை.

அடப்பாவி, உனக்கு இது தெரியுமா? போனை வைக்க ஒரு சாக்கு வேண்டுமென்று நீ சொன்னது அது. அடுத்த லீவுக்கு வருகிறேன், நானே வெட்டுகிறேன் என்பாய். சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ விட்டுப்போன பெரிய கத்தரி பின்வாசல் ஆணியில் தொங்குகிறது. மாதா மாதம் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றி மாட்டுகிறாள். ஒரு நாள் நான் அதை எடுக்கப் போனேன். தம்பி சாமானைத் தொடாதே என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூடவே இருக்கிற நான் அவள் கண்ணில் படவே மாட்டேன். இருக்கட்டும், அந்தச் சண்டை வேறு.

எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தக் கடிதம் போதாது. வேலியை வெட்டுவதற்கான ஆணை என் பைக்குள் இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, எந்த நாளும் வெட்டலாம். நானும் இதுவரை எத்தனையோ வீட்டுக்காரர்களின் திட்டை வாங்கிக்கொண்டு வெட்டியவள்தான். ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய அந்த ஒரு காரணத்தை நான் எப்படி வெட்டுவேன்?

காற்று தொடங்குவதற்கு முன்னால் மெஷின் ஒரு தடவை நம் தெருவுக்குத் திரும்பி வரும். அதற்குள் வா. உன் கையாலேயே வெட்டு. என் ஆட்கள் கைகட்டி நிற்பார்கள், நான் சருகு அள்ளுகிறேன். வர முடியாதென்றால் அதை அம்மாவிடம் நீயே சொல், அக்காவே வெட்டட்டும் என்றும் சொல். எதுவும் சொல்லாமல் இருந்தால் நான் வெட்டித்தான் ஆகவேண்டும். அந்தப் பாவத்தை என் தலையில் கட்டாதே.

மற்றபடி எல்லோரும் நலம். நீ அனுப்பிய சட்டை அத்தானுக்கு வயிற்றில் பொத்தான் மாட்ட வரமாட்டேன் என்கிறது, இருந்தாலும் போட்டுக்கொண்டு திரிகிறார். நேரத்துக்குச் சாப்பிடு. உன் புருவம் சரியாக முளைத்ததா என்று கூட எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு.

விதிப்படி கடைசியில் தீர்வு எழுத வேண்டும். எழுதுகிறேன்.

தங்கள் புகார் முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது. புகார்தாரர் நேரில் வந்தால் மட்டுமே இதற்குத் தீர்வு காண இயலும். கத்தரி தயார் நிலையில் உள்ளது.

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்,
உன் அக்கா