பலகை எழுத்து தெரியவில்லை என்று எழுதினேன்

24.4.2026, வெள்ளிக்கிழமை

அன்புப் பேத்திக்கு,

உன்னை முன்வரிசைக்கு மாற்றும்படி கேட்டவள் உன் பக்கத்தில் அமர்ந்திருந்த சுஹைலா அல்லள், நான்.

எல்லா இனப் பிள்ளைகளும் கலந்து அமர வேண்டுமென்று உங்கள் பள்ளி சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கியது. மார்ச் 7 அன்று, பெற்றோர் கூட்டத்தில் அதைப் பாராட்டி ஒன்பது நிமிடம் பேசியவனும் நானே. ஏப்ரல் 13, திங்களன்று உன்னை அழைத்துவர வந்தபோது, சுஹைலா கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை நீங்கள் இருவரும் ஒரே கரண்டியில் உண்பதைக் கண்டேன். மறுநாளே, உனக்குப் பலகை எழுத்து தெரியவில்லை என்று ஆசிரியைக்கு எழுதினேன். உன் கண்ணில் ஒரு குறையுமில்லை.

நேற்று நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். அவள் பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து, நம் தோட்டத்துத் தமிழிலேயே கேட்டாள்: "தாத்தா, என்கூட உக்கார மாட்டேன்னு அவ சொன்னாளா? நான் என்னா தப்பு பண்ணேன்லா?"

"எனக்குத் தெரியாதம்மா" என்றேன். அம்மா என்று அழைத்துக்கொண்டே பொய் சொன்னேன்.

ஆசிரியைக்கு இன்று காலை உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். உன் எதிரில் நின்று சொல்ல எனக்கு முகமில்லை. இக்கடிதத்தைச் சுஹைலாவுக்குப் படித்துக் காட்டு. விளங்காத இடங்களை மலாய் மொழியில் சொல்லும்போது, எனக்காக எதையும் குறைத்துச் சொல்லாதே.

வெட்கத்துடன்,
உன் தாத்தா