ஏழாம் கட்டத்தில் இருந்த எழுத்து

அன்புள்ள லோர்னாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இனி நான் சொல்லப்போகும் கதையை அலாஸ்காவில் ஒரு மீன்கூட நம்பாது.

பழைய ஆலையில் இருந்த ஓய்வுக்காலச் சேமிப்பைப் புதிய கணக்குக்கு மாற்றினோமே, அதை வரி சாஃப்ட்வேரில் பதிந்தேன். “இந்தப் பணத்தை வேறு ஓய்வுக்காலக் கணக்கில் போட்டீர்களா?” என்று கேட்டது. செக் என் கைக்கே வரவில்லை, பழைய கணக்குக்காரர்களும் புதிய கணக்குக்காரர்களும் தங்களுக்குள்ளேயே அனுப்பிக்கொண்டார்கள். நான் எங்கே போட்டேன்? வரிச் சக்கரவர்த்தியான நான் “இல்லை” என்று அழுத்தினேன். பதினோராயிரம் டாலர் வரி என்று சிவப்பில் கிளம்பிய எண், நான் வேலை செய்யும் இந்த முகாமின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வெளியே நின்ற கரடி மயங்கி விழுந்தது. அந்த எண்ணை நம்பித்தான் உன் குதிரை மேபலை விற்கச் சொன்னேன்.

நேற்று முகாமின் சமையல்காரி ரூத், அந்தப் பணத்துக்காக எனக்கு வந்திருந்த வரிப் படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஏன்யா ஆர்வில், ஏழாம் கட்டத்துல ‘ஜி’ன்னு கொட்டை எழுத்துல இருக்கே! பணம் நேரா கணக்கு மாறிடுச்சுன்னு அர்த்தம். ஊருக்கே வரிக்கணக்கு போட்டுக் குடுத்தேன்னு பீத்திக்கிட்டியே?”

“ஆமாம்” என்று மாற்றினேன். அந்த வரி மறைந்தது.

சனிக்கிழமை வருபவரிடம் மேபலைக் கொடுக்காதே என்று உடனே செய்தி அனுப்பினேன். ஏன் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை.

வேண்டாம் என்று வீம்பாக விட்டுவந்த என் மூக்குக்கண்ணாடியை அனுப்பு. மேபலோடு நீ நிற்கும் படமும் ஒன்று.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. கூரை பறந்தது பொய், கரடியும் பொய். “சரி, வித்துடறேன்” என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது. கேட்காதது போல் இருந்துவிட்டேன். அது மட்டும் பொய்யில்லை.

உன் ஆர்வில்