குகைக்கு இசை போட்டது நானில்லை, சரோஜா

என் பேச்சில் பாதியை மட்டும் நம்பி, அந்தப் பாதிக்கே என்னைப் பெரிய மனுஷனாக வைத்திருந்த தங்கச்சி சரோஜாவுக்கு,

ஆம்பூரிலிருந்து உன் அண்ணன் எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் என் பெயர் பெங்களூர் வரைக்கும் போய்விட்டது என்றால் நம்புவாயா? மாட்டாய். முழுக்கச் சொல்கிறேன், பிறகு நீயே முடிவு செய்துகொள். ஊர் படிக்கிற இடத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் யமுனா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். குடியாத்தத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி விடிந்தால் பவர்லூம் சத்தம். அதற்கு நடுவில் உட்கார்ந்து இசை போட முடியுமா? அவள் அப்பா, நம் மாப்பிள்ளையே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். உன் அண்ணி மாடி ரூமிலிருந்த பழைய மெத்தை, அரிசி டிரம் எல்லாவற்றையும் இறக்கி, ரூமைத் துடைத்துக் கொடுத்தாள். எதிரொலி வராமல் இருக்க, ஷூவுக்குள் வைக்கிற ஃபோம் ஷீட்டை வாங்கி வந்து நான் நாலு சுவரிலும் ஒட்டினேன். ஆம்பூரிலேயே முதல் ரெக்கார்டிங் ஸ்டுடியோ நம் வீட்டில்தான். சிரிக்காதே. தெருவிலேயே முதல் என்று வைத்துக்கொள்.

பகலில் அவள் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறாள். தற்காலிக வேலைதான். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு மாடி ஏறினால், கீபோர்டும் கம்ப்யூட்டரும்தான். கம்பெனியில் சூப்பர்வைசராகப் பெர்மனென்ட் பண்ணுகிறோம் என்றார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரி ஏழுக்குத்தான் திரும்ப முடியும். மாப்பிள்ளைக்கு அதில்தான் விருப்பம். “இந்த மாசத்துக்குள்ள அந்த கேம் கம்பெனிக்காரங்க உன்னைச் சேத்துக்கிட்டா சரி. இல்லன்னா டிங் டிங்குன்னு தட்டறதெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு பெர்மனென்ட்ல சேந்துடு” என்றார். “சரிப்பா” என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். அவள் ஒரே வார்த்தையில் சொன்னால் அதை மாற்ற மாட்டாள் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்து, “அவ வாசிக்கறத மட்டும் நிறுத்த விடாதண்ணா” என்று சொன்னதும் எனக்குத் தெரியும்.

அது என்ன இசை என்று கேட்பாயே. பெங்களூரில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறது. சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. ஒருத்தி கையில் விளக்கோடு ஒரு குகைக்குள் நடக்கிறாள், அவ்வளவுதான். மணிக்கணக்காக நடக்கிறாள். அத்தனை நேரமும் பின்னால் இசை கேட்க வேண்டும். ஆனால் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து சலிப்புத் தட்டக் கூடாது. இதற்கு உன் மகள் பிடித்த வழியைக் கேள்.

விளையாடுகிறவர் குகை வாசலுக்கு வர எத்தனை அடி எடுத்து வைத்தாரோ, அந்த எண்ணில் இசை தொடங்கும். எண் இரட்டைப்படையா, பாதியாக்கு. ஒற்றைப்படையா, மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. வருகிற எண்ணுக்கும் இதே விதி. இப்படியே போகவேண்டியதுதான். ஒவ்வொரு எண்ணையும் ஐந்தால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் ஐந்தைந்தாக வரும் அல்லவா, அந்த மீதிக்கு உரிய கட்டை ஒலிக்கும். கறுப்புக் கட்டைகளை எந்த வரிசையில் தட்டினாலும் காதை உறுத்தாதாம். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கடைசியில் ஒன்றுக்கு வந்து சேர்ந்துவிடுகிறதாம். ஏன் என்று உலகத்தில் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையாம். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன். அதற்குள் உன் அண்ணி கறி வாங்க அனுப்பிவிட்டாள்.

இருபத்தேழில் தொடங்கினால் ஒன்றுக்கு வர நூற்றுப்பதினொரு படி. நடுவில் ஒன்பதாயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு வரைக்கும் ஏறுகிறது. இதைப் பாதியாக்காதே. இது உண்மையான எண்.

யமுனா அனுப்பிய மூன்று துண்டு இசை அவர்களுக்குப் பிடித்துப்போய், வீடியோ காலில் பேச வேண்டும் என்றார்கள். அந்தப் பக்கம் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரி, இரண்டு பேர். அதில் கண்ணாடி போட்ட தம்பி வாயே திறக்கவில்லை. பேசியது ஒரு மேடம். தமிழ் நன்றாகவே பேசினார். நான் யமுனாவுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

“இந்த ஐடியா உங்களுக்கு எப்படி வந்துச்சு யமுனா?”

யமுனா தலையைக் குனிந்து யோசித்தாள். பதிலுக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாள் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் யாராவது சும்மா இருந்தால் எனக்கு நாக்கு அரிக்கும்.

“நான்தான் மேடம் குடுத்தேன்” என்றேன். “கணக்கு பூரா நம்மளுது. நான் நோட்டு போட்டுக் குடுப்பேன், பாப்பா கம்ப்யூட்டர்ல ஏத்தும்.”

“ஓ, டீமா வேலை செய்றீங்களா?”

“ஆமா மேடம். நம்ம ஸ்டுடியோவுல மொத்தம் ஏழு பேரு.”

யமுனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கே டீக்கடையில் பஷீர் பாயிடம், ஜெராக்ஸ் கடையில், தோல் பதனிடுகிற டேனரி கேட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே நான்தான் போட்டேன் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. உனக்கு இது புரியும்.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. யமுனா அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். இசையில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தெரிய வேண்டும், ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அது தீராமல் ஒப்பந்தம் கிடையாது.

“ஏழு பேருக்கு நான் எங்க போறது?” என்றேன்.

“பஸ் ஸ்டாண்டுல போய் நில்லு, கிடைப்பாங்க” என்றாள் உன் அண்ணி. “பொண்ணு பொழப்புல மண்ணைப் போட்டாச்சு, இப்ப ஆள் கணக்கு வேற.”

மாசம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. யமுனா என்மேல் எரிந்து விழவில்லை. விழுந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, இந்த ரூலை நான் ஏன் எடுத்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

“இன்னா பாப்பா, காலேஜ்ல படிச்சிருப்பே.”

“காலேஜ்ல படிச்சதுதான். படிச்ச அன்னிக்கே சிரிப்பு வந்துடுச்சு. அம்மா எப்பவும் இன்னா சொல்லும்? உங்க மாமா எது சொன்னாலும் பாதியாக்கிக்கோன்னு சொல்லும். நீங்க ஒண்ணைக் கேட்டா மூணாக்கி, மேல இன்னொண்ணு போடுவீங்க. ஒரு சனிக்கிழமை நீங்க குடியாத்தம் வந்து ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும், அதுதான் இந்த ரூலு. நான் போட்டது அந்தச் சத்தம்தான்.”

நான் வாயைத் திறக்கவில்லை, சரோஜா. இதைப் பாதியாக்காமல் நம்பு.

“இப்ப அம்மா இல்ல” என்றாள். “பாதியாக்க ஆளு இல்ல மாமா. ஏறிக்கிட்டே போவுது.”

நீ போன அன்று வீடு நிறையக் கூட்டம். சாமியானா, ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்கு டீ என்று நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அழக்கூட நேரம் இல்லை. யமுனா இப்படிச் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை, ஃபோம் ஷீட் ஒட்டிய அந்த ரூமில்தான் நீ இல்லை என்பது எனக்கு முதல் தடவையாக உறைத்தது. என் பேச்சை இத்தனை வருஷமும் தரையில் நிறுத்தி வைத்தது நீதானா? ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே.

“நீங்க சொன்னதை நீங்கதான் எடுக்கணும்” என்றாள் யமுனா. “நான் சொன்னா, மாமா பேரை மறைக்கறேன்னு நினைப்பாங்க.”

மறுநாளே திரும்ப வீடியோ கால் போட்டோம். “மேடம், அன்னிக்கு நான் சொன்னது பொய்” என்று ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் குரல் கம்மிவிட்டது. அதுவே வினையாகிவிட்டது.

“அங்கிள், இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?” என்றார் மேடம். “பெரியவங்க ஐடியாவ எடுத்துக்கிட்டுப் பேர் போடாம விடறது எங்க கம்பெனிக்குப் பிடிக்காது. பயப்படாம சொல்லுங்க.”

“யாரும் சொல்லல மேடம். ஸ்டுடியோவுல ஏழு பேருன்னதும் பொய். நானு, என் சம்சாரம், பாப்பா. மீதி நாலு பேரு பொறக்கவே இல்ல.”

“என்னையும் கழிச்சுடுங்க!” என்று பின்னாலிருந்து உன் அண்ணி குரல் கொடுத்தாள்.

மேடம் சிரிக்கவில்லை. “சரி, இருபத்தேழுன்னு வெச்சுக்கங்க. அடுத்து இன்னா வரும், சொல்லுங்க” என்றார்.

டேனரியில் முப்பது வருஷம் தோல் அளந்து சதுர அடி போட்டவன் நான். கால் அரை முக்கால் எல்லாம் எனக்கு விரல் நுனியில். “எம்பத்திரண்டு, நாப்பத்தொண்ணு, நூத்தி இருபத்திநாலு, அறுவத்திரண்டு, முப்பத்தொண்ணு” என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

“பாத்தீங்களா!” என்றார் மேடம். “கணக்கு உங்களுதுதான அங்கிள்?”

‘ஆமா மேடம்’ என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கலாமோ? அதுவும் ஒரு பொய்தானே. யமுனா என்னைப் பார்க்கவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், நான் தோல் அளக்கறவன்” என்றேன். “ஒரு தோலு எத்தனை சதுர அடின்னு கரெக்டா சொல்லுவேன். அதுக்காக அந்தத் தோல்ல பண்ண ஷூ என்னோடது ஆயிடுமா? இந்த நம்பரும் அளவு மாதிரிதான். எந்தக் கட்டைன்னு சொல்லும், அதுக்கு மேல வாய் திறக்காது. இருபத்தேழுல ஆரம்பிச்சீங்கன்னா மொத இருபத்திநாலு நோட்டுக்கு மூணே கட்டைதான் சுத்திச் சுத்தி வரும். இருபத்தஞ்சாவதுலதான் நாலாவது கட்டை. அது வர்றதுக்கு முன்ன பாப்பா கையை எடுத்துடும். ஒண்ணும் வாசிக்காது. குகையில காத்து நின்னுபோன மாதிரி இருக்கும். அப்புறம்தான் அந்தப் புதுக் கட்டைய, தூங்கற புள்ளையத் தொடற மாதிரித் தொடும். அங்க நிறுத்துன்னு எந்த ரூலும் சொல்லல மேடம். எத்தினி நேரம் நிறுத்தறதுன்னும் சொல்லல. அது எனக்கு வராது. ஏழு பேரு இருந்தாலும் வராது.”

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “யமுனா, அதை வாசிங்க” என்றார்.

வாசித்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எண்ணிய எனக்கே அந்த இடம் வந்தபோது மயிர் கூச்செறிந்தது. கை எடுத்தாள். காத்திருந்தாள். புதுக் கட்டை விழுந்தது. அதுவரை வாய் திறக்காத கண்ணாடித் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, “இன்னொரு தடவை, ப்ளீஸ்” என்றான்.

மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒப்பந்தம் வந்தது, யமுனா ஒருத்தி பேருக்கு. மாப்பிள்ளையிடம் போனில் சொன்னாள். இந்தத் தடவை அவர்தான் “சரிம்மா” என்று ஒரே வார்த்தை சொன்னார். அதோடு எனக்கும் தனியாக ஒரு காகிதம் வந்தது. முதல் வீடியோ காலில் நான் உரிமை கொண்டாடிவிட்டதால், இந்த இசையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் எழுத்தில் தர வேண்டுமாம். பெங்களூர் கம்பெனி ஒன்று கையெழுத்துக் கேட்டு நம் வம்சத்தில் யாருக்குக் காகிதம் வந்திருக்கிறது, சொல்?

பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரன் மிஷினிலிருந்து எடுத்தவன் கொடுக்காமல் படித்தான். பஷீர் பாய் வேறு அங்கே நின்றிருந்தார்.

“இன்னாண்ணே இது? பங்கு இல்லன்னு போட்டிருக்கு. நீதான போட்டேன்னு சொன்னே?” என்றான் கடைக்காரன்.

கடையில் ஐம்பது பேர் இருந்தார்கள். இல்லை, நாலு பேர். அந்த நாலு பேரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள்.

“நான் போடலப்பா. யமுனா போட்டது” என்றேன். “முழுக்க அவ போட்டது.”

“அப்ப நீ இன்னாதான் பண்ணே?” என்றார் பஷீர் பாய்.

“கேட்டேன், பாய்” என்றேன். அங்கேயே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த நாலு பேரைத் தவிர ஊரில் மற்ற எல்லாரிடமும் நான் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா? வீடு வீடாகப் போய்த் திருத்த வயசு இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிற கடிதத்தை அவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதிவிட்டேன்.

சரோஜா, உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். விளையாட்டு வெளியே வந்ததும் முதல் ஆளாக உட்கார்ந்து, அந்த விளக்கை வாங்கிக்கொண்டு குகையின் கடைசி வரைக்கும் நடப்பேன். வழியில் அவள் எங்கெல்லாம் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறாளோ, அங்கெல்லாம் நானும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். நாக்கு அரித்தாலும் சரி.

இப்படிக்கு,
இந்த இசையில் எந்தப் பங்கும் இல்லாத,
யமுனாவின் ஒரே தாய்மாமன்,
உன் அண்ணன் கோவிந்தசாமி