பதினேழாம் எண் தொழிலாளி

என் பிரியமுள்ள அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ராயக்கோட்டை சாலையில் உன் வீட்டைத் தேடி வந்தேன். கதவைத் திறந்தது உன் மகள். "அம்மா இல்லீங்க" என்றாள். ஷிப்டுக்குப் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, எப்போது வருவாய் என்று கேட்டேன். அவள் உள்ளே கையைக் காட்டினாள். சுவரில் உன் படம் இருந்தது.

மஞ்சள் காமாலையாம். பதினைந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

உன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று உன் மகள் சொல்லிவிட்டாள். இதைப் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றவும் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். இந்தப் புத்தி எனக்கு எப்போது வந்திருக்க வேண்டும், அக்கா?

நாம் சந்தித்த அந்த வாரம் உனக்கு நினைவிருந்திருக்குமா? எண்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பின்தங்கிய பகுதி என்று அரசு சலுகை கொடுத்து வரவழைத்த தொழிற்சாலைகளால், அதிலும் வெளிநாட்டுக் கூட்டோடு நடக்கும் தொழிற்சாலைகளால், உள்ளூர்ப் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எங்கள் கேள்வி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் எங்களோடு சேர்ந்திருந்தது. விருதுநகர்ப் பக்கத்துத் தமிழோடும், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த ஒரு கேள்வித்தாளோடும் நான் ஓசூர் வந்து இறங்கினேன். நான்கு நாள் அலைந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. பாதி வீடுகளில் தெலுங்கு, மீதியில் கன்னடம்.

ஐந்தாம் நாள் உன் வீட்டு வாசலில் நின்று, "தங்கள் பணியிடத்தில் முடிவெடுக்கும் செயல்முறையில் தங்களுக்கு உரிய பங்கு உள்ளதா?" என்று வாசித்தேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இத ஆரு கண்ணு எழுதுனது? கக்கூஸ் போவணும்னா சூப்ரவைசர்கிட்ட கேக்கணுமா வேணாமான்னு கேளு. எல்லாம் வந்துடும்."

அன்று மாலையே உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். நீ தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லிப் பார்ப்பாய், "இப்படிக் கேட்டா புரியும்" என்பாய், நான் எழுதிக்கொள்வேன். அடுத்த ஒரு மாதம் ஷிப்டு முடிந்து களைத்து வந்தும், "என் தங்கச்சி, மெட்ராஸ்ல படிச்சவ" என்று சொல்லி என்னை வீடு வீடாக அழைத்துப் போனாய். முதலில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். "தங்கச்சி எங்கியாவது நீங்க வாங்கன்னு பேசுவாளா? மாட்டிக்குவோம்" என்றாய். அன்றிலிருந்து நீ எனக்கு 'நீ'.

எல்லா வீட்டிலும் ஒரே பயம்தான். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா? பெயர் எங்கேயும் வராது, எண் மட்டும்தான் இருக்கும் என்று நான் சொல்வேன். அதை நீ அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்வாய். ஒரு நாள்தான் கவனித்தேன், நான் சொன்னதைவிட நீ நீளமாகச் சொல்கிறாய். என்ன சேர்த்துச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பொறுப்புன்னேன்" என்றாய். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக உன்னைப் பேட்டி எடுத்தேன். நீ பதினேழாம் எண். மோட்டார் சுருள்களை வார்னிஷில் முக்கி எடுக்கும் பிரிவில் உனக்கு வேலை. உன் உள்ளங்கை தோலுரிந்து, மீன் செதில்போல வெடித்திருந்தது.

"கிளவுஸ் பொட்டி பொட்டியா வந்துது கண்ணு, அவங்க நாட்டுலருந்து. வெள்ளக்காரங்க பாக்க வர்ற அன்னிக்கு ஆளுக்கு ஒரு ஜோடி குடுப்பாங்க. சாயங்காலம் அவங்க காரு கேட்டத் தாண்டுனதும் வாங்கி ஸ்டோர்ல பூட்டிடுவாங்க. அழுக்காயிடுமாம்."

சென்னைக்குத் திரும்பி அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, அட்டவணைகளுக்கு நடுவே நீ மட்டும் உயிரோடு இருந்தாய். உனக்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதினேன். பதினேழாம் எண் தொழிலாளி. வார்னிஷ் பிரிவு. கணவர் லாரி விபத்தில் இறந்தவர். ஒரே மகள். மூன்று மொழிகள் பேசுவார். பிறகு கிளவுஸ் கதை, உன் வார்த்தைகளிலேயே. பெயர் எழுதவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த வெளிநாட்டுப் பேராசிரியர், அறிக்கைக்கே உயிர் இந்தப் பக்கம்தான் என்று எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தை எத்தனை பேரிடம் காட்டினேன் தெரியுமா?

பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் அறிக்கையை வெளியிட்டோம். தொழிற்சாலைகளிலிருந்தும் அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் கழித்து, இரண்டாம் கட்ட ஆய்வுக்காக ஓசூர் வந்தபோதுதான் உனக்கு வேலை போன செய்தி தெரிந்தது. ஓடி வந்தேன். நீ துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாய். மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாய்.

"ஆபீசுக்குக் கூப்புட்டாங்க. மொதல் தடவையா உக்காரச் சொல்லி நாற்காலி போட்டாங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு. உன் புஸ்தகத்த மேஜை மேல வெச்சு, இது நீதானேன்னு பர்சனல் மேனேஜரு கேட்டாரு. எனக்கு இங்கிலீசு தெரியாதுங்கன்னேன். அவரே தமிழ்ல படிச்சுக் காட்டுனாரு."

உன்னைப் பற்றி நான் எழுதியதை உனக்கு முதன்முதலில் படித்துக் காட்டியது அந்த ஆள்தான், அக்கா.

"நல்லாத்தான் எழுதியிருந்த. நான் பேசற மாதிரியே இருந்துச்சு" என்றாய். நீ குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை அது என்னை விடவில்லை.

"அது நீ இல்லைன்னு சாதிச்சிருக்கலாமே, அக்கா?"

"அப்ப வேற ஆரு ஆரு பேசுனாங்கன்னு ஒவ்வொருத்தரையா விசாரிக்க வேண்டியிருக்கும்னாரு. நாப்பது பொம்பளைங்க இருக்காங்க. நான்தான் பேசுனேன், வேற ஆரும் பேசலைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். பொறுப்புன்னு சொல்லியிருந்தேன் இல்ல?"

கம்பெனிக்கு எங்கள் நிறுவனத்திலிருந்து கடிதம் எழுத வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கள் இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். "எழுதினால், அந்தப் பக்கத்தில் இருப்பது அவர்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டாம் கட்டத்துக்கும் அவர்கள் அனுமதி வேண்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது அந்த நியாயத்துக்காக இல்லை. அடுத்த மாதம் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆறு மாதம் போக எனக்கு உத்தரவு வந்திருந்தது. அது கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே ஒரு கருத்தரங்கில் உன் பக்கத்தையே வாசித்தேன். கைதட்டினார்கள். உனக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். தொடர்பில் இல்லை என்று சொன்னேன்.

இப்போது உன் வீட்டுச் செய்தி. உன் மகள் அத்திப்பள்ளி தாண்டி ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். காலையில் கம்பெனி பஸ் வந்து அழைத்துப் போகிறது. அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். ஆனால் முகம் கொடுக்கவில்லை. வேலை போன பிறகு நீ மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைக்குப் போனதையும், மற்ற மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்ததையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொன்னாள். அந்த அறிக்கை வெளிநாட்டுக் கூட்டாளிகளின் கைக்கும் போயிருக்கிறது. அவர்கள் கேட்ட கேள்வியில் வார்னிஷ் பிரிவில் எல்லோருக்கும் தினமும் கிளவுஸ் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். ரேஷன் கடை வரிசையில் பழைய தோழி ஒருத்தி உன்னிடம் கையை விரித்துக் காட்டினாளாம்.

"அம்மா அன்னிக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு விலாசம் தேடுச்சு" என்றாள். பிறகு, "நீங்க எங்க இருக்கறீங்க?" என்று கேட்டாள்.

பெங்களூரில், நான்கு வருடமாக, என்றேன்.

"ஒரு மணி நேரம்" என்றாள் உன் மகள். "ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்."

நான் என்ன சொல்வேன்? எந்த முகத்தோடு வருவது என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் வருவதை இன்னும் கடினமாக்கியது. நீ என்னைத் திட்டியிருந்தால் அடுத்த வாரமே வந்திருப்பேனோ என்னவோ.

புதிதாக வரும் வெளிநாட்டுக் கம்பெனிகளைப் பற்றி மறுபடியும் ஓர் ஆய்வு தொடங்குகிறது, அக்கா. இந்த முறை பொறுப்பு என்னுடையது. பேட்டி கொடுத்தவருக்கு அவர் மொழியில் படித்துக் காட்டாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகாது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். காலதாமதம் ஆகும் என்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. அவர்கள் ஒப்பினாலும் மறுத்தாலும், அப்படிப் படித்துக் காட்டாத பக்கத்தில் என் கையெழுத்து இருக்காது. இதை உனக்கு வாக்காகத் தருகிறேன். என் வாக்குக்கு என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் தருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போகிறேன். அவர்களைப் பற்றி என்ன எழுதினேன் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு இன்னும் தெலுங்கும் கன்னடமும் வரவில்லை. கூட வந்து அவர்கள் மொழியில் சொல்வாயா என்று உன் மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்காக இல்ல" என்றாள். "எங்கம்மா எதுக்குப் பொறுப்பு ஏத்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும். நான் வர்றேன்."

இப்படிக்கு,
நீ ஊரறியத் தங்கச்சி என்று சொன்ன,
செல்வி